நாலாவது கிணறு

பனமரத்துப்பட்டியில் பேருந்தை விட்டு இறங்கியபோது கத்திரி வெயில் உச்சியில் நின்றது. சரவணக்குமார் கணினிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். மேசை விசிறியையும் துணிப்பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் நான். புருஷன் என்று ஒருத்தன் வந்தால் விசிறியாவது அவன் தூக்குவான் என்று நினைத்திருந்தேன். அவனுக்குக் கணினிதான் கைக்குழந்தை. வழி நெடுக இரண்டு பக்கமும் அரளித் தோட்டம். மொட்டுப் பறிக்கிற ஆட்கள் காலையிலேயே வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். ஏரிப் பக்கமிருந்து காய்ந்த சேற்று வாசனை அடித்தது.

அது அவன் பிறந்த வீடு. கல்யாணத்துக்குப் பிறகு நான் அங்கே தங்க வருவது அதுதான் முதல் தடவை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்த மருமகள் என்று மாமியார் பூவாத்தாளுக்கு என் மேல் வருத்தம். வருத்தம் என்பது நான் மரியாதைக்குச் சொல்வது. அவர் மோகனூரில் மகள் நர்மதா வீட்டுக்குப் போயிருந்ததால்தான் எங்களுக்குச் சாவியே கிடைத்தது. சேலத்தில் எங்கள் வாடகை அறைக்கு மேல் மாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து, நாங்கள் உருவாக்கிய கைப்பேசி விளையாட்டை வெளியிட முடியாது. இங்கே வீடும் காலி, இணைய இணைப்பும் இருக்கிறது என்று வந்தோம்.

கதவைத் திறந்ததும் குளிர்ச்சியாக இருந்தது. வெளியே அனல் பறக்க, உள்ளே கால் வைத்தால் தரை சில்லென்றிருந்தது. பழைய வீடு அப்படித்தான் இருக்கும் என்றான்.

பின்கதவைத் திறந்தேன். அரளிச் செடிகளுக்கு நடுவே கல்கட்டுக் கிணறு. சுவரில் பதித்த படிக்கல் ஒவ்வொன்றும் வெளியே நீட்டிக்கொண்டு, சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கியது. அடியில் கறுப்பாகக் கொஞ்சம் தண்ணீர்.

"டேய், இது நம்ம நாலாவது கிணறுடா!" என்றேன்.

"இதப் பாத்துத்தான் வரைஞ்சேன்," என்றான். "ஒரு கல்லு கூட மாத்தல."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்பார்கள். நாங்கள் வெட்டவில்லை, வரைந்தோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் விளையாட்டின் பெயர் தவக்களை. பழைய காலத்து வீடியோ கேம் மாதிரி கட்டம் கட்டமாகத் தெரியும் படம், டொய்ங் டொய்ங் என்று இசை. ஒரு தவக்களை கிணற்றுக்குள் விழுந்துவிடும். படிக்கல்லுக்குப் படிக்கல் குதித்து மேலே ஏற வேண்டும். தவறினால் மறுபடியும் அடியிலிருந்து. ஒரு கிணறு ஏறி முடித்தால் அடுத்த கிணறு. யாரும் தொடாமல் வைத்தால் தவக்களை தானாகவே குதித்து விழுந்து ஆடிக் காட்டும். அந்தக் காலத்து விளையாட்டுக் கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டிகள் அப்படித்தான் ஆட்களைக் கூப்பிடுமாம். அதையும் அப்படியே வைக்க வேண்டும் என்று சரவணன் ஒற்றைக்காலில் நின்றான்.

விழும்போது வரும் சத்தம் அவன் குரல். "வா" என்று ஒரு கூப்பாடு. அதை நசுக்கி, கரகரப்பாக்கி, தவக்களை கத்துவதுபோலச் செய்திருந்தான். எத்தனை நசுக்கினாலும் எனக்குத் தெரியும். அந்தக் குரலில் மயங்கித்தானே நான் கையெழுத்துப் போட்டேன். சேலத்தில் ஆடித் தள்ளுபடிக்கு ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போவார்களே, அதில் பாதி அவன் குரல்தான். என்னை 'மோனி' என்று அவன் ஒருத்தன்தான் கூப்பிடுவான். அடுப்படியில் கோபமாக நின்றிருந்தாலும் அந்தக் கூப்பாட்டுக்கு என் கால் தானாக நகர்ந்துவிடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் குரலைத் தவிர அவனிடம் நான் பெரிதாக எதையும் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் வெளியிட்டோம். ஆடுகிறவர்கள் சொல்லும் கருத்துகளைப் படித்து, பதில் எழுதி, திருத்த வேண்டியதைச் சரவணனிடம் சொல்வது என் வேலை.

கருத்து என்றா சொன்னேன்? வசவு.

"தவக்களையா இது? எருமை மாதிரி குதிக்குது." இது மேட்டூர் செங்கோடன். "எங்க அப்பா காலத்து கேம். அவருகிட்டயே வித்துக்கங்க." இது பெயர் போடாத ஒரு மகராசன். ஆத்தூரிலிருந்து தேவிப்ரியா என்ற பெண் மட்டும் கொஞ்சம் பொறுமையாக எழுதியிருந்தாள். படம் அழகு, இரண்டாவது கிணற்றில் ஒரு கல் வழுக்குகிறது, பாருங்கள் என்று. ஆனாலும் அவள் கொடுத்தது இரண்டு நட்சத்திரம்தான்.

நான் எல்லாருக்கும் "நன்றிங்க, சரி செய்கிறோம்ங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பதில் போட்டேன். திட்டினாலும் ஆடினார்கள். அது போதும் என்றான் சரவணன். விழ விழ வீம்பு ஏறும், வீம்பு ஏறினால் விடமாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் கல்லையெல்லாம் வழுக்க வைத்திருந்தான்.

பிறகு செங்கோடன் மறுபடி எழுதினான்.

"நாலாவது கிணத்துல படியில உக்காந்திருக்கிற பொம்பளைய எப்படித் தாண்டறது? ஒவ்வொரு தடவ விழும்போதும் ஒரு படி மேல வந்து உக்காருறா."

"பொம்பளை படம் எப்ப போட்டே?" என்று கேட்டேன்.

"நான் எதுக்குப் போடறேன்? தவக்களை, பாம்பு, வாளி. அவ்வளவுதான் இருக்கு."

இரண்டு பேரும் படங்களை எல்லாம் திறந்து பார்த்தோம். பெண் இல்லை. நாலாவது கிணற்றை நான் ஆடினேன். இல்லை. வேண்டுமென்றே விழுந்தேன். "வா" என்று அவன் குரல் கத்தியது. விழுந்தேன். "வா." விழுந்தேன்.

பின்கதவுக்கு அப்பால், கிணற்றுப் பக்கம், தண்ணீரில் ஏதோ அசைந்தது.

தவளையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் வந்ததிலிருந்து அந்தக் கிணற்றில் ஒரு தவளை கத்தி நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் வசவின் ரகம் மாறியது. பொம்பளை யார், சேலை ஏன் ஈரமாக இருக்கிறது, முகத்தை ஏன் காட்டுவதில்லை என்று வரிசையாகக் கேட்டார்கள். ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாத ஆட்கள். சிலர் அது நன்றாக இருக்கிறது என்று பாராட்டி நட்சத்திரம் கூட்டினார்கள். சரவணனுக்குச் சந்தோஷம். "யாரோ கிளப்பி விட்டிருக்காங்க மோனி. நல்லதுதான். பேய் இருக்குன்னா நாலு பேர் வருவாங்க," என்றான். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

மத்தியானம் தேவிப்ரியா எழுதினாள். நட்சத்திரம் ஒன்று.

"நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்? கேமை மூடி வச்சப்புறமும் அவ போகல. எங்க நடையில நின்னுட்டிருந்தா. தண்ணி சொட்டுது. உக்கார எடம் கேட்டா. எங்கம்மா கண்ணுக்கும் தெரிஞ்சுது. வெளக்குமாத்தை எடுத்துக்கிட்டு விரட்டினாங்க. நின்ன எடத்துல இன்னும் ஈரம் காயல."

அதற்குக் கீழே இன்னொன்று. வேறு ஊரிலிருந்து. "எங்க வீட்டுக்கும் வந்தா. சாணியைக் கரைச்சு ஊத்தினோம்." இன்னொன்று. "நாயை அவிழ்த்து விட்டோம். நாய் கட்டில் அடியில பூந்துக்கிச்சு." இன்னொன்று. "கூப்பிட்டது யாருன்னு கேக்குறா. எனக்கென்ன தெரியும்?"

கூப்பிட்டது யார்?

சரவணனைப் பார்த்தேன்.

"அந்தச் சத்தத்தை எங்க பதிவு பண்ணினே?"

அவன் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏன்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நர்மதா கல்யாணத்தப்ப. இந்தக் கிணத்து மேட்டுலதான்," என்றான். "கெணத்துக்குள்ள மோதித் திரும்பி வந்தது அந்த எதிரொலி. அறையில உக்காந்து கத்தினா அந்த மாதிரி வருமா?"

தை மாதக் கல்யாணம் அது. எனக்கும் அழைப்பு உண்டு, ஆனால் முந்தைய நாள் சடங்குக்கு என்னை வரச் சொல்லவில்லை. என்ன சடங்கு என்பதை அன்றைக்குத்தான் அவன் வாயால் கேட்டேன். அவன் அப்பாவுக்கு இரண்டு தாரம். மூத்தவள் பெயர் அத்தாயி. பூவோடும் பொட்டோடும் இந்தக் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். பூவாத்தாள் அதற்குப் பிறகு வந்தவர். சுமங்கலியாகச் செத்தவளை அந்தப் பக்கம் பூவாடைக்காரி என்பார்கள். வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். பம்பை மேளம் அடிக்க, வீட்டு மூத்த மகன் கிணற்று மேட்டில் நின்று, ஊட்டுக்கு வா ஆத்தா என்று கூப்பிட வேண்டும்.

எங்கள் கல்யாணத்துக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. அதையும் அவன்தான் சொன்னான்.

"அந்தக் கூப்பாட்டைத்தான் வெட்டி எடுத்தியா?"

"'வா'ங்கறத மட்டுந்தான் மோனி. மத்ததெல்லாம் பம்பைச் சத்தம் கலந்திருச்சு. உதவாது."

என் கணவனை எனக்குத் தெரியும், கெட்ட எண்ணம் என்பது அவனுக்குத் துளியும் கிடையாது. நல்ல சத்தம் கிடைத்தால் எடுத்து வைத்துக்கொள்வான், அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் அவனை அறையலாம் போல எனக்குக் கை துடித்தது.

சத்தத்தை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பை அனுப்பினான். எத்தனை பேர் அதைப் போட்டுக்கொள்வார்கள் என்று கேட்டேன். கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குப் பழையதை அப்படியே அனுப்பிக்கொள்கிறவர்களை ஒன்றும் செய்ய முடியாது.

வெளியே வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. கருத்துப் பக்கத்தை மறுபடி திறந்தேன். புதிதாக நிறைய வந்திருந்தன. எல்லாம் ஒரே மாதிரி, பேசிவைத்துக்கொண்டு எழுதியதுபோல.

"எங்க வீடு இல்லைன்னு சொல்லிட்டோம். கேம் பக்கத்துலயே உங்க அட்ரஸ் இருக்கில்ல? படிச்சுக் காட்டினேன்."

"கூப்பிட்டவன் பனமரத்துப்பட்டியில இருக்கான், அங்க போன்னு சொன்னோம். போயிட்டா."

"அட்ரஸ் குடுத்தாச்சு. இனி உங்க பாடு."

விளையாட்டை விற்கிறவர்களின் முகவரி அந்தப் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்பது விதி. வாடகை அறை நிரந்தரமில்லை என்று சரவணன் இந்த வீட்டு முகவரியைத்தான் போட்டிருந்தான்.

கடைசியாக வந்தது தேவிப்ரியாவுடையது. அவள் ஒரே வரிதான் எழுதியிருந்தாள்.

"கிளம்பும்போது அவ சிரிச்சா."

நான் எழுந்து போய்ப் பின்கதவைத் தாழ்போட்டேன்.

வீட்டில் சத்தமே இல்லை. அரளித் தோட்டத்தில் எந்நேரமும் கத்தும் குருவிகளும் அடங்கிவிட்டன.

சொட்.

கதவுக்கு அந்தப் பக்கம்.

சொட். சொட்.

ஈரத்துணி வாசனை வந்தது. அதோடு மஞ்சளும், பாசியும், நாள்பட்ட அரளிப்பூவும். கதவை யாரும் தட்டவில்லை. கதவுக்கு அடியில் இருந்த வெளிச்சக் கோட்டில் மட்டும் இரண்டு இடத்தில் இருட்டு விழுந்திருந்தது. இரண்டு பாதம் நிற்கிற அளவு.

சந்து வழியே தண்ணீர் உள்ளே வந்தது. ஒரு விரல் அகலம். அந்த வீட்டுத் தரை பின்வாசல் பக்கம் சரிவு. கழுவி விட்டால் தண்ணீர் வெளியேதான் ஓடும். இந்தத் தண்ணீர் மேட்டைப் பார்த்து ஏறி வந்தது. என் கால் அருகே வந்து நின்றது. ஒதுங்கியது. என்னைச் சுற்றிக்கொண்டு சரவணன் உட்கார்ந்திருந்த நாற்காலியை நோக்கிப் போனது.

அவன் வாயைத் திறந்தான். "யா—"

பாய்ந்து அவன் வாயைப் பொத்தினேன்.

அவன் மூச்சு என் உள்ளங்கையில் சூடாக அடித்தது. தண்ணீர் நாற்காலிக் காலைத் தொட்டபடி நின்றது. அப்படியே இருந்தோம். வெயில் சாய்ந்து கதவின் நிழல் நகர்ந்த பிறகுதான் அந்த இரண்டு இருட்டும் போனது.

மாமியாருக்குப் போன் செய்தேன். மருமகளாக நான் அவருக்குச் செய்த முதல் போன். முழுவதையும் கேட்டார். திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அவன வாயத் தொறக்காம இருக்கச் சொல்லு அம்மிணி," என்றார். "நான் வாரேன்."

வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் மகன் முன்னால் நின்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏண்டா குமாரு. மூணு வாட்டி கூப்புடோணும். வந்தா உக்காரப் பலகை போடோணும், சேலை வெக்கோணும், தண்ணிய மறுநா கெணத்துல ஊத்தி, மனசு குளுந்து போ ஆத்தான்னு அனுப்போணும். தெரியுமா தெரியாதா?"

தலையாட்டினான்.

"நீ எத்தன வாட்டி கூப்புட்ட?"

நான் சொன்னேன். "எண்ண முடியாதுங்க அத்தை. ஒவ்வொருத்தர் ஆடி விழும்போதெல்லாம் கூப்புட்டிருக்கு. ஊர் ஊரா."

"எத்தன ஊட்டுல பலகை போட்டாங்க?"

"வெளக்குமாறுதாங்க எடுத்திருக்காங்க."

பூவாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "அந்த மகராசி உசுரோட இருக்கையிலயே இந்த ஊட்டுல மரியாதை பாக்கலைன்னு சொல்லுவாங்க. செத்த பொறவும் தெருத்தெருவாச் சீப்பட உட்டுட்டயேடா," என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "கூப்புட்ட வாயத் தேடித்தான் வாரா. பலகை கெடைக்கலைன்னா அந்த வாய்லயே உக்காந்துக்குவா. இவன் தொண்டையக் காப்பாத்தோணும்னா இன்னைக்கே எடம் போடோணும்."

எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. அவன் குரல் போனால் என்ன ஆவேன் என்று மட்டும் நினைத்தேன். உயிர் போய்விடும் என்று சொல்லியிருந்தால் கூட அவ்வளவு தெளிவாகப் புரிந்திருக்காது.

கிணற்றில் தண்ணீர் மொண்டு, குடத்தைச் சுற்றி அரளி கட்டி, கூடத்தில் பலகை போட்டு வைத்தோம். மஞ்சளில் நனைத்த புதுச்சேலையை மடித்து முன்னால் வைத்தார் மாமியார். பணியாரம், வெற்றிலை, வளையல். கூப்பிட வேண்டிய வேலை இல்லை, வந்துதான் நிற்கிறாள் என்றார். பின்கதவைத் திறந்துவிட்டு நாங்கள் மூவரும் சுவரோரம் ஒதுங்கினோம்.

"உக்காரு ஆத்தா," என்று சரவணன் சொன்னான். நடுங்கினாலும் அது அவன் குரல்தான்.

மடித்த சேலையின் நடுவில் மெதுவாகக் குழி விழுந்தது.

யாரோ உட்கார்ந்ததுபோல அது அமுங்கி, அப்படியே நின்றது. சொட்டுச் சத்தம் நின்றுபோனது. மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். எங்கள் கல்யாணத்துக்குக் கூப்பிடாததற்கும் சேர்த்து மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். விடியும்வரை அந்த வீட்டில் ஒரு பயமும் இல்லை. எனக்கும் மாமியாருக்கும் ஒரே பாயில் தூக்கம்கூட வந்தது.

காலையில் மின்சாரம் நின்றுபோயிருந்தது. உச்சி வேளைக்கு அனுப்ப வேண்டும் என்பது முறை. குடத்தைச் சரவணன் தலையில் தூக்கிக்கொண்டான். கிணற்று மேட்டில் நின்றோம். படிக்கற்கள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. அடியில் தண்ணீர் அசையவில்லை.

"மூணு வாட்டி," என்றார் மாமியார் மெதுவாக. "ஒவ்வொரு வாட்டிக்கும் கொஞ்சங் கொஞ்சமா ஊத்து. வேற ஒரு பேச்சும் பேசாத."

குடத்தைச் சாய்த்தான். "மனசு குளுந்து போ ஆத்தா."

கிணற்றுக்குள் அவன் குரல் சுற்றி இறங்கியது. எனக்குள் இருந்த பாரமும் அதோடு இறங்கியதுபோல இருந்தது.

மறுபடியும் ஊற்றினான். "மனசு குளுந்து போ ஆத்தா."

அப்போது மின்சாரம் வந்தது.

வீட்டுக்குள் மேசை விசிறி உறுமத் தொடங்கியது. அதன் பக்கத்தில், அணைந்துகிடந்ததைக் காலையில் சார்ஜில் செருகி மறந்திருந்த பழைய டேப்லெட்டும் உயிர் பெற்றிருக்கும். ஆடிச் சோதிக்க வைத்திருந்தது அது. மின்சாரம் வந்ததும் விளையாட்டே நேராகத் திறக்கும்படி செய்து வைத்திருந்தான். புதிய பதிப்பை அதில் போடவில்லை.

டொய்ங் டொய்ங் என்று இசை பின்வாசல் வழியே வந்தது.

தொட ஆளில்லாத தவக்களை, தானாகக் குதித்து, தானாக விழுந்தது.

"வா."

சரவணன் என்னைப் பார்த்தான். நான் வீட்டைப் பார்த்து ஓடினேன். அரளிக்கிளை முகத்தில் அடித்தது. நிலைப்படியில் கால் வழுக்கியது, அங்கே தண்ணீர்.

"வா."

டேப்லெட்டைப் பிடுங்கித் தரையில் அறைந்தேன். திரை உடைந்தது. சத்தம் நின்றது. திரும்பி ஓடி வந்தேன்.

கிணற்று மேட்டில் சரவணன் மூன்றாவது முறை குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தான். அவன் வாய் அசைந்தது. மனசு. குளுந்து. போ. உதடு எனக்கு நன்றாகத் தெரிந்தது.

சத்தம் வரவில்லை.

குடத்திலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது. அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி வாயைத் திறந்தான். நரம்பு புடைத்தது.

கிணற்றுக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. நசுக்காத, கரகரக்காத, நான் மயங்கின அதே குரல்.

"வா."

மாமியார் எங்கள் இரண்டு பேர் தலையையும் பிடித்து அழுத்திக் குனிய வைத்தார். "திரும்பிப் பாக்காத அம்மிணி. நட," என்றார். கூடத்தில் சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது. அதன் நடுவில் குழி இல்லை.

சேலத்துக்குத் திரும்பிவிட்டோம். மருத்துவமனையில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஏன் பேச்சு வரவில்லை என்று தெரியவில்லை என்றார்கள். அவன் இப்போது சொல்ல வேண்டியதைக் கைப்பேசியில் எழுதிக் காட்டுகிறான். ஆட்டோக்காரர்கள் ஆடித் தள்ளுபடிக்குக் குரல் கேட்டு வந்தார்கள். நான்தான் வாசலில் நின்று அனுப்பி வைத்தேன். மாமியார் என்னோடு தினமும் போனில் பேசுகிறார். கிணற்றின் மேல் கம்பிவலை போட்டுவிட்டதாகச் சொன்னார். வலை போட்டு அதையெல்லாம் அடைக்க முடியாது என்று அவருக்கும் தெரியும்.

தவக்களையைக் கடையிலிருந்து எடுத்துவிட்டோம். ஆனால் கருத்துப் படிவம் எங்கள் இணையப் பக்கத்தில் தனியாக இருந்தது. அதை மூட மறந்துவிட்டேன். போன வாரம் தேவிப்ரியா அதில் எழுதியிருந்தாள்.

"அவ வர்றதில்லை இப்ப. படியிலயும் காணோம். அஞ்சு நட்சத்திரம் குடுக்கலாம்னா கேமையே காணோம். எங்கிட்ட பழசு இருக்கு, அதைத்தான் ஆடறேன். ஒரு சந்தேகம். முன்னெல்லாம் தவக்களை விழுந்தா 'வா'ன்னு மட்டுந்தான் கத்தும். இப்ப பேர் சொல்லிக் கூப்பிடுதே. மோனி யாரு?"

சரவணனிடம் காட்டினேன். அவன் படித்துவிட்டு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். வெகுநேரம் விடவில்லை.

இன்று மத்தியானம் சோறு போட்டு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மேல்மாடி வேலைக்கு இன்று ஆட்கள் வரவில்லை. வெளியே தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மூடி லேசாக அசைந்த சத்தம் கேட்டது.

"மோனி. வா."

அவன் குரல்தான். அதே செல்லம், அதே இழுப்பு.

எதிரே சரவணன் வாய் மூடியிருந்தது. வாயில் போட்ட சோற்றை அவன் விழுங்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் தண்ணீர் நிறைந்து வழிந்தது.

"மோனி. வா."

மூன்று தடவை கூப்பிட வேண்டும் என்றுதானே மாமியார் சொன்னார். இது இரண்டு.

சரவணன் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தபோதுதான் கவனித்தேன். நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். என் கால் வாசல் பக்கம் திரும்பியிருந்தது.